குறுக்குக் கேள்வி

“சேர்ந்தப்புறம் பிடிக்கலைன்னா, வீட்டுக்குத் திரும்பி வந்துடலாமாம்மா?”

கடைசி வரிசையில் ஒரு நரைத்தலை எழுந்து நின்றது.

தலைமையாசிரியைக்குச் சுருக்கென்றது. எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த கூட்டம்! மேடையில் இருந்த ராணுவ அதிகாரி, முப்பது வயதுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு எல்லா வழியையும் அழகாக எடுத்துச் சொல்லியிருந்தார். பள்ளி முடித்த கையோடு சிப்பாயாகச் சேரலாம். பயிற்சிப் பிரிவில் சேர்ந்து மெக்கானிக், நர்ஸ் என்று ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கல்லூரி முடித்துவிட்டு அதிகாரியாகவே நுழையலாம்.

“இப்பவே சேர யாருக்கெல்லாம் ஆசை?” என்றதும் பாதி அரங்கம் கையைத் தூக்கியது. வாலிபால் டீம் நெட்டையன் இரண்டு கையையும் தூக்கினான்.

அந்த நேரம் பார்த்தா இந்த மனுஷன் எழுந்திருக்க வேண்டும்?

“வர முடியாதுங்க ஐயா,” என்றார் அதிகாரி. “ஒத்துக்கிட்ட வருஷம் முடியிற வரைக்கும் இருந்தே ஆகணும்.”

“சண்டை வந்தா?”

“போகணும்.”

“மாட்டேன்னு சொன்னா?”

“தண்டனை உண்டு.”

தலைமையாசிரியை விளையாட்டு ஆசிரியரின் காதைக் கடித்தார். “யார் சார் இது? எந்தப் பிள்ளையோட அப்பா?”

“தெரியலையே மேடம். பேரன்ட்ஸோட பேரன்ட்ஸா வந்து உட்கார்ந்தார்.”

“சரிம்மா,” நரைத்தலை விடுவதாக இல்லை. “கால் போச்சுன்னா?”

தலைமையாசிரியை பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார்.

“போதும், உட்காருங்க! நாட்டுக்கு உழைக்கணும்னு நினைக்கிற பிள்ளைங்களை ஏன் பயமுறுத்துறீங்க?”

“கேட்கட்டும் மேடம்,” என்று கையமர்த்தினார் அதிகாரி. “வைத்தியம் பார்ப்பாங்க. செயற்கைக் கால் வைப்பாங்க. பென்ஷன் வரும். போன கால் மட்டும் வராதுங்க ஐயா.”

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நெட்டையனும் இறக்கிவிட்டான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு எழுந்தான்.

“மேடம், காலேஜ் முடிச்சுட்டு வந்தா லேட்டாயிடுமா?”

“ஆகாது. நல்லா யோசிச்சுட்டு வா. அப்பவும் ஆசை இருந்தா, உன்னை மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்.”

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் கையை இறக்கவே இல்லை.

“உனக்குப் பயமா இல்லையாம்மா?”

“இருக்கு மேடம். ஆனா நான் நர்ஸ் பயிற்சிக்கு வரேன். கால் போனவங்களை யாராவது பார்த்துக்கணும்ல?”

அதிகாரி விறைப்பாக நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியை அவரிடம் ஓடினார்.

“மன்னிச்சுக்குங்க மேடம். அத்தனை பேர் கை தூக்கினாங்க, கடைசியில ஒருத்திதான் மிஞ்சினா. எல்லாம் அந்த ஆளால வந்த வினை.”

“அந்த ஒருத்தி தெரிஞ்சு வர்றா மேடம். நாங்க அவளை நம்பலாம். இந்த வயசுல யூனிஃபார்மைப் பார்த்தா வேற எதுவும் கேட்கத் தோணாது. பெத்தவங்களுக்கோ கேட்கக் கூச்சம். மைக்ல நான் எவ்வளவு கத்தினாலும் பசங்க காதுல ஏறாது. எழுந்து நின்னு ஒருத்தர் கேட்டாத்தான் ஏறும்.”

“நீங்க பெருந்தன்மையா பேசுறீங்க. எனக்கு மனசு ஆறலை. தன் வீட்டுல ஒரு பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்பியிருந்தா, அந்த மனுஷன் இப்படி வாய் கூசாமப் பேசுவாரா?”

அதிகாரி சிரித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நரைத்தலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அப்பா, வண்டியை எடுங்க. அடுத்த ஸ்கூலுக்கு நேரமாச்சு!”