மெட்ராஸ் ஐ

“இவன்லாம் வெள்ளாம பாக்குற சம்சாரியால? பயிரு நோவுல கருகுது, இவன் பாட்டுக்கு தூத்துக்குடி ஹார்பருக்கு உப்பு மூடை தூக்கப் போறான்!”

டீக்கடையில ஆறுமுகநயினார் போட்ட சத்தத்துல பாய்லரே ஒரு நிமிசம் அடங்கிப் போச்சு.

அவரு சொன்னதுலயும் ஞாயம் இருந்துது. அவரு வயலுக்கும் நல்லக்கண்ணு வயலுக்கும் ஒத்த வரப்புதான். நல்லக்கண்ணு வயல்ல நெல்லுக்குக் குலைநோய். எல பூரா கண்ணு கண்ணா புள்ளி. இந்தப் பக்கம் தாவ எம்புட்டு நேரம் ஆவும்? போன பிசான வெளச்சல்ல இதே நோவுல வெறும் பதர அறுத்துக் கொண்டாந்தவரு அவரு.

நல்லக்கண்ணு அங்கனதான் பஸ்ஸுக்கு நின்னான்.

“மருந்தடிக்கக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லிருக்காரு அண்ணாச்சி. ஏதோ சோதனைக்காம்.”

“ஆபீசர் சொன்னா அரளி வெதையத் திம்பியால?”

கடையே சிரிச்சுது. நல்லக்கண்ணுவும் சிரிச்சான். பஸ் வந்துது, ஏறிப் போயிட்டான்.

அன்னைக்கு மத்தியானம் வயக்காட்டுல ஒரு ஆளில்ல. ஆறுமுகநயினார் ஸ்பிரேயர முதுகுல மாட்டுனாரு. தன் வயலுக்கு அடிச்சு முடிச்சாரு. வரப்புல நின்னு அங்கன இங்கன பாத்தாரு. அப்புறம் எறங்கி நல்லக்கண்ணு வயலுக்கும் அடிச்சுத் தீத்துட்டாரு. மருந்தும் நம்மளுது, புண்ணியமும் நம்மளுதுன்னு ஒரு நெனப்பு.

கடல்காத்து எதுக்க வீசுனதுல பாதி மருந்து மூஞ்சியில விழுந்துது. சாயங்காலம் ரெண்டு கண்ணும் கோவப்பழம்.

“என்ன அண்ணாச்சி, கண்ணுல?”

“மெட்ராஸ் ஐ. கிட்ட வராதீய.”

ரெண்டு நாள் கழிச்சு விவசாய ஆபீசர் அம்புரோஸ் ஜீப்புல வந்தாரு. வயல்ல எறங்கி ஒரு எலையக் கிள்ளி மோந்தாரு. மொகம் மாறிட்டு.

“யாருய்யா இதுக்கு மருந்தடிச்சது?”

கூட்டம் கூடிட்டு. நல்லக்கண்ணுவும் அன்னைக்கு மூடை தூக்கப் போவல.

“கடல்ல ஒரே சாதி மீனா இருக்கு? இந்த நோயும் அப்படித்தான், பல சாதி. போன வருசம் தாங்குன நெல்ல இந்த வருசம் வேற வேசத்துல வந்து சாச்சிரும். இந்த ஊரு நோய எந்த நெல்லு தாங்கும்னு பாக்கத்தான் இங்க ரகம் ரகமா நட்டிருக்கு. நோய் வரணும்னே சுத்தி நோஞ்சான் ரகத்தப் போட்டிருக்கு. மருந்தில்லாம எது நிக்குதோ, அதுதான் உங்க எல்லாருக்கும் வெதை. இதுக்காக ஒரு வெளச்சலையே விட்டுட்டு மூடை தூக்குதான் இந்த நல்லக்கண்ணு. இப்ப எது தானா நின்னுது, எது மருந்துல நின்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? ஒரு வருசம் பாழு!”

வரப்புல நின்ன ஆறுமுகநயினார் துண்ட எடுத்துச் செவந்த கண்ண ஒத்திக்கிட்டாரு.

“சொல்லு நல்லக்கண்ணு. யாரு அடிச்சது?”

நல்லக்கண்ணு தலையக் குனிஞ்சான்.

“நாந்தான் சார். பயிரு கருகுதத பாக்கப் பொறுக்கல.”

“ஒன்னப் போயி நம்புனேனே! இனிமே ஒன் வயப்பக்கம் வந்தா என்னன்னு கேளு.”

ஜீப் பொறப்பட்டுட்டு. “அன்னைக்கு அடிக்க மாட்டேன்னான், இன்னைக்கு அடிச்சேங்கான். மூடை தூக்குற புத்தி!”ன்னு சிரிச்சுக்கிட்டே கூட்டமும் கலஞ்சுது.

‘நாந்தான் அடிச்சேன்’ங்கிற வார்த்த ஆறுமுகநயினாருக்குத் தொண்ட வரைக்கும் வந்துது. எச்சில முழுங்குனாரு, அதுவும் சேந்து உள்ள போயிட்டு.

நல்லக்கண்ணு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அவரத் தாண்டிப் போனான். ரெண்டு எட்டு வச்சவன் நின்னு, மத்தவங்களுக்குக் கேக்காம சொன்னான்:

“அண்ணாச்சி, அடுத்த தடவ மருந்தடிக்கையில கடல்காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. கண்ணு கெட்டுரும்.”