மூன்றாவது பெயர்

"கட்டுரையில என் பேரு எந்த எடத்துல இருக்கு சார்? இப்பவே காட்டுங்க."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா அழகமுத்து பஸ் ஏற்றிவிடும்போதுகூடச் சொல்லியிருந்தார். தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளையை ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொண்ட மனுசனிடம் போய் இப்படியா? கிருஷ்ணகுமாரி கேட்டேவிட்டாள்.

எஹலியகொட வீட்டு வராந்தாவில் பேராசிரியர் சுந்தரலிங்கம் அந்தக் கட்டுரையாலேயே விசிறிக்கொண்டிருந்தார். மாசக்கணக்காக மின்வெட்டு. "மூணாவதா இருக்கும்மா. இந்தா, பாரு. கையில என்னா லெட்டரு, வேலைக்கா?"

"போஸ்ட் பண்ணணும் சார்."

ரப்பர் பால் வெட்டும் கத்தி கீறி, டெட்டனஸ் என்னும் ஏற்புவலியில் வில்லாய் வளைந்து செத்தவள் அவள் அம்மா. அந்தக் கிருமி கக்கும் நஞ்சு ஒரு நொதி. அதன் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும் சின்ன மூலக்கூறு ஒன்றை, இரண்டு வருசம் கணினியோடு மல்லுக்கட்டி வடிவமைத்தவள் இவள். மூன்றாம் சோதனை முடிந்த அன்று கரண்ட் போனது. குளிர்ப்பெட்டியிலிருந்த நொதி அத்தனையும் பாழ். "கரண்ட் சரியாகட்டும், மறுபடி செய்வோம்" என்றவர் இவர்தான்.

வரைபடத்தின் புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"மூஞ்சத் தூக்காத குமாரி. சரி, ரெண்டாவது போடுறேன்."

அவள் விரல் முதல் புள்ளிக்குத் திரும்பியது.

"ஆத்தாடி, என்னா வீம்பு! மொதப் பேரே ஒன்னோடதுதான், போ. டாக்டர் பட்டம் கையில வந்த மாதிரி. அப்பாகிட்டச் சொல்லு, தோட்டத்து லயமே பட்டாசு கொளுத்தும்!"

கட்டுரையை நாற்காலியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"டைப் அடிச்ச ஸபியா சொன்னப்ப நான் நம்பல சார். சண்டைகூடப் போட்டேன், எங்க சார் அப்படி இல்லன்னு."

"என்னா சொன்னா?"

"ஒரு சோதனைக்கு ஒரு புள்ளி. நான் செஞ்சது மூணு சோதனை. இதுல ஏழு புள்ளி இருக்கு."

விசிறக் கட்டுரையை எடுக்கப்போன கை அந்தரத்தில் நின்றது. அவள் கையிலிருந்த உறையின் மேல், கட்டுரையை வெளியிடவிருந்த சஞ்சிகையின் முகவரி அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அவள் படியிறங்கிவிட்டாள், தபால் கந்தோர் மூட இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"நில்லு குமாரி! எந்த எடத்துலதான் ஒன் பேரு வேணும், சொல்லித் தொலை!"

கேட்டைத் திறந்தபடியே சொன்னாள்:

"எந்த எடத்துலயும் வேணாம் சார்."