நீலமில்லாத பொட்டுகள்

கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது.

தம்பி ஜெயித்துவிட்டான்.

நெல் நாற்றின் தண்டைச் சுற்றி விரித்திருந்த தாள், மஞ்சள் சாயத்தில் தோய்த்தது. தண்டில் உட்கார்ந்து உறிஞ்சிய புகையான் பூச்சிகளின் கழிவு அதில் சொட்டியிருந்தது. பயிரின் சத்துச் சாற்றைக் குடித்திருந்தால் பொட்டு நீலமாகும். பக்கத்துத் தொட்டியிலிருந்த சாதாரண ரகத்தின் கீழே தாள் முழுக்க நீலம். புகையான் அண்டாது என்று சொல்லித் தம்பி கொடுத்த புது ரகத்தின் கீழேயும் பெரிய பெரிய பொட்டுகள்தான். ஒன்றில்கூட நீலமில்லை. சாறு வாய்க்கு எட்டாமல் வெறும் தண்ணீரையே உறிஞ்சி உறிஞ்சிக் கழித்திருக்கின்றன.

பொறுக்கியெடுத்த கொழுத்த பெண் பூச்சிகளைப் பட்டினி போட்டுத்தான் விட்டிருந்தாள். இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வளர்த்ததற்கு நல்ல மரியாதை செய்துவிட்டன, சனியன்கள்.

இந்தச் சோதனையில் தேறினால் அவனுடைய நெல் அடுத்த பருவத்தில் வயல்களுக்குப் போகும். இருவரும் வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்துக்கு அவன் தலைவனாவான். ஆனதும் முதல் வேலையாக இந்தப் பூச்சிக்கூடத்தை இடித்துவிட்டு விதைக்கிடங்கு கட்டுவான். அவள் காதுபடவே சொல்லியிருக்கிறான்.

பூச்சி மேய்க்கிறவளுக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்று நிறைந்த கூட்டத்தில் கேட்டவன் அவன். கூடப்பிறந்தவன் கேட்டதில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் எதிரெதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இப்போது முடிவு தெரிந்துகொள்ள வந்து, கதவருகிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். நெல் ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்குவதில் அவன் புலி. பூச்சிக்கூடத்துக்குள் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டான்.

தாளை அவன் முன்னால் நீட்டினாள்.

பொட்டுகளின் அளவைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. நிறம் பார்க்க அவனுக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் போகிறாள். சோதனையில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரே ஒரு நிமிடம் இவன் வேகட்டும் என்றிருந்தது.

"வயிறு முட்டக் குடிச்சிருக்கு, பாத்தியா?"

அவன் தாளைப் பிடுங்கினான். முன்னும் பின்னும் திருப்பினான். அவன் அப்படிப் பதறுவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

"இருக்கவே முடியாதுக்கா! என் ரகம்னா பூச்சி குடிச்சே காயவச்சிரும்னுதானே, அதுக்குப் பதிலா பூச்சி தொடாத அந்தப் பழைய ரகத்து நாத்தைக் கொண்டுவந்து குடுத்தேன்!"

அக்கா என்று அவன் கூப்பிட்டு இரண்டு வருடமாகிறது.

பழைய ரகம் எதுவென்று அவளுக்குத் தெரியும். விளைச்சல் இல்லாததால் யாரும் விதைக்காமல் கிடங்கில் கிடப்பது. நாற்றாக இருக்கும்போது எல்லா நெல்லும் ஒரே பச்சைதான்.

சொன்னது காதில் விழுந்த பிறகுதான் அவன் வாயைப் பொத்திக்கொண்டான். இந்த முறை நாற்றத்துக்காக அல்ல.

அவள் தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"நீலம் இருக்கான்னு பாரு. அத்தனையும் வெறும் தண்ணிடா. ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருந்தா, நீ ஜெயிச்சுட்டேன்னு நானே சொல்லியிருப்பேன்."