நாலு பேரை விற்றவர்

“துண்டுக்குள்ள கைய விட்டு நாலு பேர வித்த ஆளு! அவரு படம் இந்தச் சங்கத்துச் சுவத்துல ஏறாது.”

கம்பம் வியாபாரிகள் சங்கத் தலைவர் மலைச்சாமி மேசையில் ஓங்கித் தட்டினார். சுதந்திரப் பொன்விழாவுக்காக, போராட்டத்துக்குத் துணை நின்ற வியாபாரிகளின் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தன் அப்பா சங்கிலியின் படத்தோடு வந்த ஜக்கம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சங்கிலி ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் வியாபாரிகள் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள்.

“நாப்பத்திரண்டுல எனக்குப் பதிமூணு வயசு. ஒரு சாயந்தரம் இவரும் போலீஸ் ஏட்டும் துண்டுக்குள்ள வெல பேசுனத என் கண்ணால பாத்தேன். மறுநா காலையில, மலையில ஒளிஞ்சிருந்த நாலு பேர வெலங்கு மாட்டி மதுரைக்குக் கூட்டிட்டுப் போறாக! அவுக கூட ஒளிஞ்சிருந்த எங்கய்யா ஒருத்தர்தான் எப்பிடியோ தப்பிச்சு வீடு வந்தாக.”

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “வித்த காசாச்சும் தங்குச்சா? அந்த வாரமே வண்டிமாடு ரெண்டையும் வித்துட்டாரு.”

ஜக்கம்மா கூசிப்போனாள். ஐம்பத்தைந்து வருஷமாக அவள் வீட்டுக்கு ஊரில் ஒரே பெயர்தான், காட்டிக்கொடுத்தவன் வீடு. மகளுக்கு அமையவிருந்த வரனும் போன மாதம் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நழுவியது.

“ஒரு மூலையிலயாச்சும் மாட்டுங்கண்ணே...”

“மூலையில மாட்டவும் அருகதை வேணும்த்தா.”

முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அந்தோணிமுத்து மெல்ல எழுந்தார். சிறைக்குப் போன அந்த நாலு பேரில் மிச்சமிருப்பவர் அவர்தான். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

“ஏலே மலைச்சாமி, எங்களப் பிடிச்சது நீ பாத்த அன்னைக்கு மத்தியானமே. நாங்க ஸ்டேஷன்ல அடிபட்டுக் கெடந்தோம். எங்கள விடச் சொல்லித்தான் சங்கிலியண்ணன் ஏட்டுக்கிட்ட வெல பேசுனாக.”

அவர் ஜக்கம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“மாட்டையும் வித்து ஒரு ஆளத்தான் மீக்க முடிஞ்சது. பிள்ளகுட்டிக்காரன்னு நாங்கதான் ஒருத்தன அனுப்பி வச்சோம். காசு குடுத்து வந்தவன்னு ஊரு ஏசும், வெளிய சொல்லிராதீகன்னு அவன் அழுதான். அண்ணன் சாகுமட்டும் பழியச் சுமந்தாக. நான் வாயப் பொத்திக்கிட்டு மாலை வாங்கிட்டுத் திரிஞ்சேன். வெக்கமா இருக்குய்யா.”

மலைச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. “எந்தப் பய அவன்? பேரச் சொல்லுங்கண்ணே. அவன் வீட்டாள இழுத்துட்டு வந்து இந்தத் தங்கச்சி கால்ல விழ வைக்கிறேன்!”

அந்தோணிமுத்து தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஒங்கய்யாதான்.”