சுவர்ப் பக்கக் கையுறைகள்

"கோயிலுக்குள்ளேயே திருட்டு, ஜெஸ்ஸி!"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் காதைக் கடித்தாள் எஃபி.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சிக்கான இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியை ஏற்றி, தொண்டை வலிக்கப் பாடிவிட்டு, எல்லோரும் கீழ்க்கூடத்துக்கு இறங்கியிருந்தோம். கேப் பிரெட்டன் தீவுக் கரையில் எங்களுடையது சின்னச் சபை. முப்பது குடும்பம், அத்தனைக்கும் சேர்த்து நாலே நாலு குடும்பப் பெயர்.

"யாரு? எதைத் திருடினா?"

"அந்த டொலினா. மரத்துல மாட்டியிருந்த கையுறையை எடுத்துப் பைக்குள்ள போட்டா. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கூடத்து மூலையில் நிற்கும் மரத்தில் நாங்கள் நட்சத்திரம், மணி எதுவும் தொங்கவிடுவதில்லை. அவரவர் பின்னிய கம்பளிக் கையுறைகளைத் துணிக் கிளிப் போட்டு மாட்டுவோம். நாலு விரலுக்குச் சேர்த்து ஒரு பை, கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு குட்டிப் பை. நாலாம் ஞாயிறு அத்தனையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

"ரெண்டு வாரமா இதே கதைதான். ஆங்கஸ் பின்னினதாப் பார்த்து எடுக்கிறா. அடுத்த ஞாயிறு திரும்ப மாட்டிடறா."

"திரும்ப மாட்டினா அது எப்படித் திருட்டு?"

"வாரம் பூரா தன் பிள்ளைங்க கையில போட்டு அனுப்பறா, ஜெஸ்ஸி! ஏழைப் பிள்ளைன்னா பழசு போதுமா?"

டொலினா இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான். கணவன் எங்கோ மேற்கே, ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில். இங்கே மூன்று பிள்ளைகளோடு இவள் தனி. எஃபி வாயில் ஒரு சேதி விழுந்தால், போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் படகுத்துறை வரை போய்விடும். அப்புறம் அந்தப் பெண் இந்தப் படியை மிதிப்பாளா?

அதுவும் ஆங்கஸ் பின்னியது! எழுபது தாண்டிய மீனவர். சிங்க இறால் கூண்டுக்கு வலை பின்னிப் பின்னிக் காய்ப்பு ஏறிய கை. மனைவி கிறிஸ்டி இறந்துபோன பிறகும் வருகைக் காலம் வந்தால் வாரம் ஒரு ஜோடி கொண்டுவந்துவிடுவார். அதையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்ட மாட்டார். சுவர்ப் பக்கமாக, கிளைக்குப் பின்னால்தான். "அடக்கம்னா இதுதான்" என்று போதகரே மெச்சியிருக்கிறார்.

நான் தடுப்பதற்குள் எஃபி டொலினாவின் முன்னால் போய் நின்றுவிட்டாள். கெண்டியோடு பின்னாலேயே ஓடினேன்.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததையா ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருக்கே?"

எஃபி பைக்குள் கையை விட்டாள். ஒரு சிவப்பு நூல்கண்டு வந்தது. பின்னல் ஊசி வந்தது. கடைசியில் சிவப்புக் கையுறை வந்தது. அதை உயர்த்திக் காட்ட வாயைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள்.

கையுறையில் கட்டைவிரல் இல்லை. அதன் ஜோடிக்கும் இல்லை.

"சத்தம் போடாதீங்க, எஃபி" என்று கெஞ்சினாள் டொலினா. "ஆங்கஸுக்குக் கண்ணு மங்கிப்போச்சு போல. கட்டைவிரல் வைக்கவே மறந்துடறாரு. வீட்டுக்குக் கொண்டுபோய் விரல் வச்சுப் பின்னி, மறுபடி மாட்டிடறேன். தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எஃபியின் முகம் அந்தக் கம்பளியைவிடச் சிவந்துவிட்டது. எல்லாவற்றையும் அவசரமாகப் பைக்குள் திணித்தாள்.

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது" என்றாள்.

எஃபி வாயிலிருந்து! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டொலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடிப் போனாள். அவள் அந்தப் பக்கம் போக, காலிக் கோப்பையோடு ஆங்கஸ் இந்தப் பக்கம் வந்தார்.

"என்ன எஃபி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"அது... உங்க கையுறையைத்தான் பார்த்துட்டிருந்தேன். போன வார ஜோடியில கட்டைவிரல் என்ன அழகா வந்திருக்கு!"

ஆங்கஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"கட்டைவிரலா? அது எனக்குச் சாகிற வரைக்கும் வராது. வலை பின்னின கை, நேராத்தான் போகும். கிறிஸ்டி இருந்தவரைக்கும் கட்டைவிரல் வைக்கிறது அவ வேலை. அவ போனப்புறம் சும்மா இருக்க முடியாமப் பின்னினேன். பாதியில நிக்கிறதைத் தூக்கிப் போடவும் மனசு வரலை. யாரும் பார்க்காத பக்கமா மாட்டிட்டுப் போனேன். மறுவாரம் பார்த்தா விரல் முளைச்சிருக்கு!"

"அப்போ கண்ணு..?"

"கண்ணுக்கென்ன? நீ கோட்டுப் பையில ஒளிச்சு வச்சிருக்கிற மூணாவது ஓட்ஸ் ரொட்டிகூடத் தெரியுது. டொலினா எடுக்கிறதும் தெரியுது. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். கூச்சப்பட்டு நிறுத்திடுவா. யார்கிட்டயும் சொல்லாதே."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேலே யாரோ ஆர்கனைத் தொட, பிள்ளைகள் மறுபடி பாட ஆரம்பித்தார்கள்.

எஃபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பொங்கிட்டு வருது ஜெஸ்ஸி, எப்படி அடக்குவேன்?"

நாலாம் ஞாயிறு போனது. கிறிஸ்மஸ் போனது. அவள் மூச்சு விடவில்லை. இன்றுவரை விடவில்லை.

ஓட்டை வாய் என்று நாற்பது வருடமாக அவளைக் கேலி செய்த நான்தான், இதோ, உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.