செம்புக் கோப்பைக்கு ஒரு மணி நேரம்

“நல்லாத் தேடு. அடுப்புக்குள்ளயும் கையை விட்டுப் பாரு” என்றாள் நோரீன், கராஜில் உட்கார்ந்தபடியே.

உள்ளே அவள் முன்னாள் கணவன் டுவேன் அலமாரிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். விவாகரத்துத் தீர்ப்பில் அவன் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். மாவட்டக் கண்காட்சியில் பன்றி வளர்ப்புக்காக அவன் அப்பா பரிசாக ஜெயித்த செம்புக் கோப்பை. செத்துப்போன மனுஷனின் ஞாபகமாக அவனிடம் வேறெதுவும் இல்லை. வந்து தேடி எடுத்துக்கொள்ள கோர்ட்டு கொடுத்திருந்தது ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வியர்த்து வழிந்து கராஜுக்கு வந்தான்.

“எங்கடி ஒளிச்சு வெச்ச? வித்துட்டியா?”

“விக்கல. இந்த வீட்டை விட்டு வெளிய போகல. நான் ஊர்ல இல்லாதப்போ என் நாயை எவனுக்கோ தூக்கிக் கொடுத்தியே, அந்த ஈனப் புத்தி எனக்கு இல்ல.”

அந்த நாய் அவளுக்கு உயிர். தெரிந்தேதான் செய்தான், படுபாவி.

அவன் மேஜையைப் பார்த்தான். கார் பேட்டரி சார்ஜரிலிருந்து இரண்டு ஒயர்கள் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் இறங்கின. ஒன்றின் நுனியில் கட்டைவிரல் அளவு வளைந்த செம்புத் துண்டு ஆசிட்டில் கரைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இரண்டு பெரிய கேன்கள் நிறைய நீலத் தண்ணீர்.

“வீட்டுலயே ரசாயனம் காய்ச்சற இந்தப் பைத்தியம் இன்னும் தெளியலியா?”

“மயில்துத்தம், காப்பர் சல்ஃபேட். கடைச் சரக்கைவிடச் சுத்தம்.”

டுவேனின் கண் கேன்களை விட்டு நகரவில்லை. அவன் புது வீட்டில் மேப்பிள் மரத்தின் வேர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து ஒரு மாதமாக உயிரை வாங்கியது. அவர்கள் ஊரான ஓஹையோவில் வேரைக் கொல்ல மயில்துத்தத்தை டாய்லெட்டில் ஊற்றுவார்கள்.

“கோப்பைதான் தரல. இதையாவது எடுத்துட்டுப் போறேன்.”

“தாராளமா. ஜாடியில இருக்கறதையும் ஊத்திக்கோ. உன் பொருள் எதுவும் எனக்கு மிச்சம் வேண்டாம்.”

சாயங்காலம் அவனே போன் செய்தான்.

“எல்லாத்தையும் ஊத்தி ஃப்ளஷ் பண்ணியாச்சு. இப்ப நீ கேளு. நாளைக்கே உன்னை கோர்ட்டுக்கு இழுக்கப் போறேன். எங்கப்பா கோப்பை எங்க?”

“அதைத்தானே இப்ப ஃப்ளஷ் பண்ணினே, டுவேன்.”