சின்னுசாமியின் புகார்

“அந்தப் போனை உள்ள வையி சாமி! பொண்ணு ஊட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு எவனுக்கோ பதில் எழுதிக்கிட்டிருக்கற!”

கண்ணாத்தாள் பல்லைக் கடித்தாள். மோகன்குமார் காரை விட்டு இறங்குவதாக இல்லை.

“ரெண்டே நிமிசம்மா. சின்னுசாமி மறுபடி திட்டியிருக்காரு.”

ஒரு நாட்டின் பழைய வீடியோ கேம் கேசட் இன்னொரு நாட்டு மெஷினில் நுழையாது. நடுவில் செருக ஓர் அடாப்டர் வேண்டும். திருச்செங்கோட்டில், வீட்டு மாடியில், ஒரு தடவைக்கு இருபது முப்பது என்று அதைத்தான் மோகன்குமார் செய்து விற்கிறான். ஒன்றை வாங்கிய சின்னுசாமி என்பவர் ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் அவனை வறுத்தெடுக்கிறார்.

‘உன்ற டப்பா இன்னைக்கும் வேல செய்யல. நீயெல்லாம் ஒரு தொழில்காரனா?’

கோபப்பட்டால் எதிராளிக்கு ஒன்றும் ஆகாது, தன் தூக்கம்தான் கெடும் என்பது மோகன்குமாரின் கட்சி. நிதானமாக எழுதினான்:

‘கோவிச்சுக்காதீங்கண்ணா. கேசட்டை வாயால ஊதாதீங்க, ஈரம் பட்டுரும். பென்சில் ரப்பரால தொடச்சுப் பாருங்க. அப்பவும் ஆகலீன்னா நானே நேர்ல வாரேன்.’

“ஊரானுக்குச் செருப்பாத் தேயறதே உனக்குப் பொழப்பு!” என்றாள் கண்ணாத்தாள். “விளையாட்டுச் சாமான் செய்யற பையனான்னு ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு. கேட்டா எக்ஸ்போர்ட்டுன்னு சொல்லிரு.”

பெண்ணின் அப்பா, கோழிப்பண்ணை நாச்சிமுத்து, இவர்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும் அதையே கேட்டார்.

“தம்பி என்ன தொழில் பண்றீங்க?”

அம்மாவின் முழங்கை விலாவில் இடித்தது. ஆனாலும் மோகன்குமாருக்குப் பொய் வரவில்லை.

“பழைய வீடியோ கேம் கேசட்டுக்கு அடாப்டர் செய்யறேனுங்க.”

கண்ணாத்தாளின் உதடுகள் அர்த்தநாரீசுவரரைக் கூப்பிட்டன.

“எங்கூட்டுல எல்லாம் பொண்ணு இஷ்டந்தானுங்க” என்று நாச்சிமுத்து உள்பக்கம் திரும்பினார்.

சௌந்தர்யா காபித் தட்டோடு வந்தாள். மோகன்குமார் முன்னால் குனிந்தாள்.

“சூடா இருக்குதுங்க, ஊதிக் குடிங்க. கேசட்டைத்தான ஊதக் கூடாது?”

எடுத்த டம்ளரை மோகன்குமார் தட்டிலேயே திரும்ப வைத்தான். அவன் அதைச் சொன்னது சின்னுசாமி ஒருத்தரிடம்தான்.

“சின்னுசாமியண்ணன் எங்க பண்ணை டிரைவருங்க. அவரு போன்ல எழுதுனதெல்லாம் நானு” என்றாள் சௌந்தர்யா. “அடாப்டர் மொத நாளே நல்லா வேல செஞ்சுதுங்க. மாப்பிள்ளைய விசாரிக்கத்தான் ஒரு மாசம் ஆயிருச்சு.”